கப்பல் நமக்காகக் காத்திருக்குமா?

புசா ரோட்டில் குடியிருக்கும் நம்மவர் பலருக்கு அச்சாலையின் பெயர்க் காரணம் தெரிந்திருக்கலாம். புசா என்பது பீகார் மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். அங்கே இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934ஆம் ஆண்டின் பூகம்பத்தில் சேதமுற்றதால், 1936இல் டில்லிக்கு மாற்றப்பட்டது. நிலையம் வந்தபோது ஊரின் பெயரும் உடன் வந்துவிட்டது. ஆகவே நாங்கள் வாழும் சாலையே குடிபெயர்ந்து வந்த சாலைதான். இச்சாலையிலும் இதை ஒட்டிய கரோல்பாக் சந்துகளிலும் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்றே: ஊருக்கு எப்படிப் போவது?

சென்ற கோடையில் எங்கள் வீட்டில் அக்கேள்வி சற்று நீண்டது. ஊர் வரையில் மட்டுமல்லாமல், ஊரைத் தாண்டிக் கடல் கடந்தும் போகவேண்டியிருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, இலங்கையின் காங்கேசன்துறையில் இறங்க வேண்டும். கப்பல் புறப்படும் துறைக்குக் காரில் போவதா, ஆகாய விமானத்தில் போவதா, அன்றி எங்களுக்குச் சோறு போடும் ரயிலிலேயே போவதா என்ற விவாதம் எங்கள் சிறு வீட்டில் மூன்று வாரம் நடந்தது. அதில் நாங்கள் கற்ற பாடம் பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தால் இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் பிரயாணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் அன்னையார் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். நாகையை அடுத்த சிக்கல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சென்ற எங்கள் பாட்டனார் அங்கே ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடையை மூடிவிட்டு அவர் தாயகம் திரும்பியபோது அன்னையாருக்கு வயது ஏழு. மூத்த மகளாகிய எங்கள் பெரியம்மாவை அதற்கு முன்பே யாழ்ப்பாணத்திலேயே மணம் செய்து கொடுத்திருந்தபடியால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். சகோதரிகள் இருவரும் கடைசியாகச் சந்தித்தது 1982இல், ஊரில் நடந்த ஒரு திருமணத்தின்போது. அதன்பின் போர் வந்தது; இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற கப்பலும் நின்றது. 2009இல் போர் முடிந்த பின்னரும் ஒருவர் மாற்றி ஒருவருக்கு நோயும் செலவும் தடையாக வந்துகொண்டே இருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைபேசியில் கேட்ட குரலே சகோதரி என்று ஆகிவிட்டது.

இந்நிலையில், சென்ற மார்ச்சு மாதத்தில் பெரியம்மா கட்டிலோடு கிடப்பதாகச் செய்தி வந்தது. அன்னையார் அன்று அழவில்லை. மாலையில் விளக்கேற்றிவிட்டு வந்து, "தம்பி, என்னை ஒரு தடவை அங்கே கொண்டுபோய் விடு" என்று மட்டும் சொன்னார்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டுதான். பலாலி விமான நிலையத்தில் இறங்கினால் யாழ்ப்பாண நகரம் தொலைவில் இல்லை. ஆனால் அன்னையாருக்கு ஒரு விருப்பம் இருந்தது. "கப்பலில் வந்தேன், கப்பலிலேயே திரும்பிப் போய் அக்காவைப் பார்க்கவேண்டும்" என்றார். அறுபத்தெட்டு வயதில், தமக்கென்று ஒன்றும் கேட்டறியாத ஒருவர் ஒன்றைக் கேட்கும்போது அதற்குக் காரணம் கேட்பது முறையன்று. எனவே கப்பல் என்பது முடிவாயிற்று.

அக்கப்பலைப் பற்றிச் சில வார்த்தை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது. முதலில் ஓடிய 'செரியபாணி' என்னும் கப்பல், வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் சில நாட்களிலேயே நின்றுவிட்டது. பின்னர் 2024 ஆகஸ்டு 16 முதல் 'சிவகங்கை' என்னும் கப்பல் ஓடத் தொடங்கிற்று. இடைத்தூரம் ஏறக்குறைய அறுபது கடல் மைல். நான்கு மணி நேரப் பயணம். கடலின் குணத்தைப் பார்த்தே கப்பல் எடுக்கப்படும். பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டதும் உண்டு.

இனி எங்கள் வீட்டு விவாதத்துக்கு வருவோம்.

எங்கள் மைத்துனர் குருகிராமத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் இருக்கிறார். எழுவர் அமரக்கூடிய புதிய கார் ஒன்றை அண்மையில் வாங்கியிருந்தார். அவர் சொன்னார்: "அத்தான், எதற்கு யோசனை? என் காரிலேயே போய்விடுவோம். அத்தைக்கு முழங்கால் வலித்தால் வண்டியை நிறுத்தலாம்; பசித்தால் சாப்பிடலாம்; மூட்டை எத்தனை வேண்டுமானாலும் ஏற்றலாம். நானும் ஊரைப் பார்த்த மாதிரி ஆயிற்று."

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை டில்லி வழியாகத்தான் போகிறது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம் என்று இறங்கி, அங்கிருந்து திருச்சி, தஞ்சை வழியாக நாகையை அடையலாம். ஆனால் தூரம் 2,500 கிலோமீட்டருக்குக் குறையாது. ஓட்டுபவர் ஒருவரே, நாங்கள் சைக்கிளுக்கு மேல் ஒன்றும் ஓட்டியறியோம். நாளொன்றுக்கு 650 கிலோமீட்டர் ஓட்டினாலும் நான்கு நாள் ஆகும். வழியில் மூன்று இரவு தங்க வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுவதாகவும், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு வழிக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் பதினாறாயிரத்துக்கு மேல். சுங்கச்சாவடிக் கட்டணமும் விடுதி வாடகையும் தனி. மே மாதத்து வெயிலில் நாகபுரியைப் பகலில் கடப்பது எத்தகையது என்பதை அவ்வழியே ரயிலில் சென்றவர்களே அறிவர். மேலும் அக்கப்பல் மனிதரை ஏற்றுமேயன்றிக் காரை ஏற்றாது.

எங்கள் வீட்டார் விமானத்தின் பக்கம் நின்றார். "அத்தையின் முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு இரவு ரயிலில் எப்படி? மூன்று மணி நேரத்தில் சென்னை. பிற்பகல் புறப்பட்டால் மாலையில் மீனம்பாக்கம். அன்றிரவே எழும்பூரில் காரைக்கால் வண்டியைப் பிடித்தால் விடியற்காலையில் நாகப்பட்டினம். காலையில் கப்பல். ஒரே நாளில் முடிந்துவிடுகிறதே!" என்றார். எங்கள் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள், விமானத்தில் ஏறியறியாதவள். அவள் வாக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

இதிலும் நியாயம் இருந்தது. வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுத்து உதவுகிறார்கள். உடல் அலுப்புக் குறைவு. ஆனால் நால்வருக்குக் கட்டணம் எங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். விடுமுறைக் காலத்தில் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். தலைக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் பெட்டி கொண்டுபோனால் அதற்கும் பணம். பெரியம்மா வீட்டாருக்கென்று அன்னையார் ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த சாமான்கள் மட்டுமே அந்த அளவைத் தொட்டுவிட்டன.

நாங்களோ ரயிலின் கட்சி. எங்களுக்கு வடக்கு ரயில்வேயில் எழுத்தர் உத்தியோகம். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானதால், மெட்ரிக் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு அவ்வேலையில் அமர்ந்தோம். ரயில்வே ஊழியருக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட தடவை இலவசப் பாஸ் உண்டு. மனைவி மக்களோடு, ஊழியரை அண்டி வாழும் விதவைத் தாயையும் அதில் சேர்க்கலாம். எனவே செலவு என்ற பேச்சே இல்லை. புதுடில்லியில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால், போபால், நாகபுரி, வாரங்கல், விஜயவாடா வழியாக ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் கடந்து, இரண்டு இரவும் ஒரு பகலும் கழிந்து மூன்றாம் நாள் காலையில் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து நாகைக்கு இரவு வண்டி. இதைவிட என்ன வேண்டும்?

உண்மையைச் சொன்னால், எங்கள் வாதத்தில் கணக்கைவிடக் கர்வமே மிகுந்திருந்தது. ரயிலில் சம்பளம் வாங்குகிறவன் விமானத்தில் போனால் அலுவலகத்தில் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பும் உள்ளே கிடந்தது.

மூன்று கட்சியும் ஓயாததால், அலுவலக வழக்கப்படி ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டோம். கார், விமானம், ரயில் என்று இடப்பக்கம் எழுதினோம். மேலே காலம், செலவு, உடல் அலுப்பு என்று மூன்று தலைப்பு. காலத்தில் விமானம் வென்றது. செலவில் ரயில் வென்றது. மூன்றாவதில் காரும் விமானமும் சமமாக நின்றன. தாள் நிரம்பிற்று, முடிவு மட்டும் வரவில்லை.

அன்னையார் கீரையை ஆய்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எல்லாம் சரி தம்பி. நாம் போய்ச் சேரத் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்குமா?" என்று கேட்டார்.

"காத்திருக்காது, அம்மா."

"அன்றைக்குக் காத்திருந்ததே!" என்றார்.

அதன்பின் 1964இல் தாம் வந்த கதையைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறி, மதவாச்சியில் வண்டி மாறி, தலைமன்னார் துறைக்கு வந்தார்களாம். வண்டி வழியில் எங்கோ நின்று வெகுநேரம் தாமதமாயிற்று. கப்பல் போயிருக்குமே என்று சிறுமியாகிய அன்னையார் அழுதபோது, பாட்டனார் சிரித்து, "ரயில் வராமல் கப்பல் போகாதம்மா, இரண்டும் ஒரே டிக்கெட்டு" என்றாராம். அவ்வாறே, துறையில் கப்பல் நின்றுகொண்டிருந்ததாம். இக்கரையில் தனுஷ்கோடியில் இறங்கியதும், துறையிலேயே ரயில் வண்டி நின்றதாம்.

இதைக் கேட்டதும், ரயில்வேயில் பதினைந்து ஆண்டுக்கு மேல் குப்பை கொட்டிய எங்களுக்கு வெட்கமாயிற்று. போட் மெயிலின் வரலாறு எங்களுக்குத் தெரியாததன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் கொழும்புக்கு ரயில் என்று மூன்றையும் ஒரே பயணமாகக் கோத்தார்கள். அதனால்தான் அந்த வண்டிக்கே கப்பலின் பெயர் வந்தது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி ஒன்று அலையில் மூழ்கி, அதில் இருந்தோர் அனைவரும் மாண்டனர். அன்னையார் வந்த துறை, அவர் வந்த அதே ஆண்டின் முடிவில் இல்லாமற் போயிற்று. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ஆனால் ரயில் இராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் தண்டவாளமும் இல்லை, காத்திருக்கும் கப்பலும் இல்லை.

வடக்கேயும் இவ்வழக்கம் இருந்தது. 1928இல் தொடங்கிய பிராண்டியர் மெயில், சீமைக் கப்பலில் வந்திறங்குவோரின் வசதிக்காக, ஆண்டில் சில மாதங்கள் பம்பாயின் பல்லார்டு பியர் துறையிலிருந்தே புறப்பட்டு டில்லி வழியாகப் பெஷாவருக்குச் சென்றது. இன்று நம் டில்லி வழியாகப் போகும் பொற்கோயில் மெயில் அதன் வாரிசுதான். அக்காலத்தில் ஒன்று மற்றொன்றை எதிர்பார்த்து நின்றது. இன்றோ ரயில் தன் வழி, விமானம் தன் வழி, கப்பல் தன் வழி. மூன்றுக்கும் மூன்று டிக்கெட்டு. இடையில் ஏற்படும் தாமதத்தைச் சுமக்க வேண்டியவர் பயணி ஒருவரே.

ஒரே விமான நிறுவனத்திடம் ஒரே சீட்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது அவர்களே வேறு விமானத்தில் அனுப்புவார்கள். ரயிலிலும் 2019 ஏப்ரல் முதல், தொடர்ந்து செல்லும் இரண்டு வண்டிகளின் முன்பதிவு எண்களை இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் அதன் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் எந்த விதியும் ரயிலையோ விமானத்தையோ கப்பலோடு இணைப்பதில்லை. கட்டணம் திரும்பலாம், போன கப்பல் திரும்பாது. மியாமியிலும் சௌதாம்டனிலும் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஏறப் போகும் மேனாட்டாரும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். பழக்கப்பட்டவர்கள் சொல்லும் விடை, "எதில் வேண்டுமானாலும் வா, ஒரு நாள் முன்னதாக வா" என்பதே.

எங்கள் தாளில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டோம். அதன் தலைப்பு: "தவறினால்?" இப்போது கணக்கு வேறாகத் தெரிந்தது. எங்கள் வீட்டார் போட்ட திட்டத்தில், பிற்பகல் விமானத்துக்கும் இரவு வண்டிக்கும் இடையே சில மணி நேரம். இரவு வண்டிக்கும் கப்பலுக்கும் இடையே சில மணி நேரம். ஆந்தி என்று இவ்வூரார் அழைக்கும் புழுதிக்காற்று மே மாதத்து மாலைகளில் எழுந்தால், டில்லி வானத்தில் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஒன்று தவறினால் மூன்றும் தவறும். காரில் ஒரு டயர் வெடித்தாலும், ஓட்டுபவருக்குக் காய்ச்சல் வந்தாலும், மத்தியப் பிரதேசத்தில் நடுவழியில் அன்னையாரோடு நிற்க வேண்டும். எங்கள் ரயில் திட்டத்திலும் குறை இருந்தது. காலையில் சென்னை, இரவு நாகை வண்டி, மறுநாள் விடிந்ததும் கப்பல் என்றுதான் நாங்களும் போட்டிருந்தோம். வாகனம் வேறே தவிர, பிழை ஒன்றே. மூவருமே கடைசிக் காலையில் துறையில் போய் நிற்கத் திட்டமிட்டிருந்தோம்.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மலேயாவுக்குப் போனவர்கள் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறுவார்கள். "கப்பலுக்குப் போகிறவன் முதல் நாளே துறையில் படுக்க வேண்டும்" என்று பாட்டனார் சொல்வாராம். அன்னையார் அதையும் நினைவூட்டினார். நாங்கள் மூன்று வாரம் விவாதித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தார்.

முடிவு இவ்வாறு ஆயிற்று: ரயிலில் செல்வது, ஆனால் கப்பலுக்கு ஒரு முழுநாள் முன்னதாக நாகை சேர்வது. அதற்காகக் கூடுதலாக இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தோம். ஒரு நாள் போகும்போது, மற்றொரு நாள் எதிர்பாராததற்கு. நிலப்பயணத்துக்குச் செலவில்லை என்பதால் மிஞ்சிய பணத்தில், அன்னையாருக்கென்று சென்னையில் பகல் முழுதும் தங்க ஓர் அறை எடுப்பது. மைத்துனர் முகம் சற்று வாடிற்று. எனினும் அவரே வந்து எங்களைப் புதுடில்லி நிலையம் வரை காரில் கொண்டுபோய் விட்டார். "அத்தை, நம் காரிலும் ஏறியாயிற்று" என்று அன்னையாரைச் சிரிக்கவைத்தார்.

இத்தகைய பயணத்துக்கு வண்டியைத் தேர்ந்தெடுப்பதைவிட முந்திச் செய்யவேண்டியவை சில உண்டு. நால்வருக்கும் கடவுச்சீட்டு, இலங்கைக்குரிய மின்வழி அனுமதி, அரசாங்க ஊழியராயின் வெளிநாடு செல்ல அலுவலக அனுமதி. இவற்றுக்கே எங்களுக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. எனவே ஆவணங்கள் கைக்கு வரும்வரை எந்த டிக்கெட்டும் வாங்கவேண்டாம் என்பது எங்கள் தாழ்மையான யோசனை.

ரயில் பயணம் இனிதே நடந்தது. நர்மதையைக் கடக்கும்போது அன்னையார் எழுந்து உட்கார்ந்து கைகூப்பினார். மூன்றாம் நாள் காலையில் சென்னை, அன்றிரவு எழும்பூர், மறுநாள் விடியலில் நாகப்பட்டினம். 1860களின் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டின் உட்பகுதியோடு ரயிலால் இணைக்கப்பட்ட பழம்பெரும் துறைமுகம் அது. உறவினர் வீட்டில் தங்கி, சிக்கல் சிங்காரவேலரைத் தரிசித்தோம். நாளை கப்பல், இன்று துறையருகில் படுக்கிறோம் என்ற நிம்மதியோடு உறங்கினோம்.

ஆனால் மறுநாள் கப்பல் புறப்படவில்லை. கடலில் காற்று பலமாக இருப்பதாக வானிலை எச்சரிக்கை வந்தது. பயணம் அடுத்த நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ரயிலுக்கென்று ஒதுக்கிய எதிர்பாராத நாளைக் கடல் எடுத்துக்கொண்டது.

துறைமுகத்து வாயிலில் ஓர் இளம் தம்பதியரைக் கண்டோம். பெங்களூரிலிருந்து இரவு முழுதும் காரில் வந்திருந்தார்கள். மூன்று நாள் விடுமுறைதான். திரும்பும் தேதியை மாற்ற வழியில்லை. ஒரு நாள் போனால் அக்கரையில் தங்குவதற்கு நாளே மிஞ்சாது. சற்று நேரம் யோசித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் கணக்கில் பிழையொன்றும் இல்லை, இடைவெளிதான் இல்லை. பாட்டனார் சொன்னதை அன்னையார் எங்களுக்கு நினைவூட்டாதிருந்தால் நாங்களும் அவ்வாறே திரும்பியிருப்போம் என்பதை நினைக்க இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

அதற்கடுத்த காலையில் கப்பல் புறப்பட்டது. கரை மறையும்வரை அன்னையார் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி முன்னால் பார்க்கத் தொடங்கினார். எங்கள் மகள் வாந்தி எடுத்துக் களைத்து உறங்கிவிட்டாள். எங்கள் வீட்டாருக்கும் தலை சுற்றிற்று. அன்னையார் ஒருவர்தான் அசையாமல் இருந்தார். நான்கு மணி நேரத்துக்குப் பின், தாழ்ந்த ஒரு கரையும் பனைமர வரிசையும் தெரிந்தன. "அதே பனைதான்" என்றார்.

பெரியம்மாவின் வீட்டில் நடந்ததை விரிவாக எழுத எங்களுக்குக் கை வரவில்லை. கட்டிலின் அருகே அன்னையார் சென்று நின்றார். பெரியம்மா கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார். பின்னர் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ கப்பலிலோ வந்தனீ?" என்பது. அன்னையார் தலையசைத்தார். "அப்பா சொன்ன மாதிரி, கப்பல் நிண்டதோ?" என்று பெரியம்மா மீண்டும் கேட்டார். "இல்லை அக்கா, இந்தத் தடவை நாங்கள்தான் அதற்காகக் காத்திருந்தோம்" என்று அன்னையார் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பின்தான் அழுதார்கள்.

ஒரு வேடிக்கையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடலுக்கு ஒரு நாளைக் கொடுத்துவிட்டபடியால், திரும்பும் கப்பலுக்குக் காத்திருந்தால் சென்னையில் எங்கள் ரயிலைப் பிடிக்க முடியாமற்போகும் என்ற நிலை வந்தது. பெரியம்மாவிடமிருந்து ஒரு நாள் முன்னதாகப் புறப்பட அன்னையாருக்கு மனமில்லை, எங்களுக்கும் இல்லை. எனவே கையில் இருந்த பணத்தைச் சேர்த்து, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்தோம்! விமானம் கூடாது என்று மூன்று வாரம் வாதாடிய ரயில்வே எழுத்தர், தாமே சன்னலோரத்து இருக்கையில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் மகள் அதை இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். விமானம் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு பகல், ஓர் இரவு. அந்த இரவில் சகோதரிகள் இருவரும் உறங்கவே இல்லை. விடியும்வரை பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கொடுத்த விலை அதிகம் என்று நாங்கள் கருதவில்லை.

ஆகவே அன்பர்களே, கப்பல் ஏறப் போகிறவர் காரில் போவதா, விமானத்தில் போவதா என்று கேட்டால், எங்களுக்குத் தெரிந்த விடை இதுதான். உங்கள் உடலுக்கும் பைக்கும் எது ஒத்துவருமோ அதில் போங்கள். இளம் வயதினர் இருவர் மாற்றி மாற்றி ஓட்டக்கூடுமானால் கார் நல்லதே. முழங்கால் வலியுள்ள பெரியவர் இருந்து, கையில் பணமும் இருந்தால் விமானம் நல்லதே. பாஸ் உள்ளவருக்கும் பாதையைப் பார்த்துக்கொண்டே போக விரும்புகிறவருக்கும் ரயில் நல்லதே. ஆனால் எதில் சென்றாலும் கப்பலுக்கு முந்திய இரவைத் துறைமுகத்து ஊரிலேயே கழியுங்கள். திரும்பும் நாளுக்கும் ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறெதிலாவது குறையுங்கள். அந்த ஒரு நாளில் குறைக்காதீர்கள்.

நாங்கள் திரும்பிய இரண்டாம் மாதத்தில் பெரியம்மா காலமானார். செய்தி வந்த மாலையில் அன்னையார் வழக்கம்போல் விளக்கேற்றினார். பிறகு, நாங்கள் கட்டம் போட்ட அந்தத் தாளை எங்கே என்று கேட்டார். அதைத் தேடி எடுத்துக் கொடுத்தோம். மடித்துத் தம் பெட்டியில், பழைய கடவுச்சீட்டின் அருகே வைத்துக்கொண்டார்.